ரைசரில் ஓடும் வயர் யாருடையது? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் கார் நிறுத்துமிடச் சண்டையை விட கேபிள் சண்டைதான் அதிகம். எல்லாம் கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்தவை. பல கடிதங்கள் ஒரே விஷயத்தைக் கேட்டதால், சிலவற்றைச் சுருக்கி, பெயர்களை விட்டுவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு பழைய கொண்டோவில் சொந்த வீட்டில் இருக்கிறோம். இணையத்துக்கு ஒரே ஒரு நிறுவனம்தான். அடிக்கடி லைன் போகிறது, பழுது பார்க்க ஆள் வர நாலைந்து நாள் ஆகிறது. வேறொரு ஃபைபர் நிறுவனம் உள்ளே வரத் தயாராக இருக்கிறது. ஆனால் நிர்வாகக் குழு, “பழைய தலைவர் காலத்திலேயே ஒப்பந்தம் போட்டாச்சு, வயரெல்லாம் அவங்களோடது, வேற யாரும் வர முடியாது” என்கிறது. ஒப்பந்தத்தைக் காட்டுங்கள் என்றால் “தேடுறோம்” என்கிறார்கள். உண்மையில் அந்த வயர் யாருக்குச் சொந்தம்?
– வீட்டு உரிமையாளர், செந்தூல்

பதில்: இதில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன, முதலில் அதைப் பிரித்துக்கொள்ளுங்கள். வயர் வேறு, வயர் போகும் வழி வேறு. கீழே எல்லா வயரும் வந்து சேரும் எம்டிஎஃப் அறை, அங்கிருந்து மாடிக்கு மாடி ஏறும் ரைசர், பிறகு காரிடாரில் உங்கள் வீட்டு வாசல் வரை வயரை மூடிக் கொண்டுவரும் டிரங்கிங், இவை எல்லாம் பொதுச் சொத்து. தனித்தனி வீடும் எல்லோருக்கும் பொதுவான இடமும் சேர்ந்த ஸ்ட்ராத்தா குடியிருப்புகளுக்கான 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டம், அதாவது சட்டம் 757, பொதுச் சொத்து என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில் மின்தூக்கி, படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி இவற்றோடு சேர்த்து, ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் பயன்படும் குழாய், வயர், கேபிள், அவை போகும் வழித்தடம் எல்லாவற்றையும் சொல்கிறது. ஆகவே அந்த வழி உங்கள் கட்டடத்தில் வீடு வாங்கிய எல்லோருக்கும் சொந்தம். குழு அதைப் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

வயருக்கு வருவோம். அதை யார் காசில் போட்டார்கள் என்று பாருங்கள். கட்டடம் கட்டும்போதே மேம்பாட்டாளர் போட்ட பழைய தொலைபேசிச் செம்புக் கம்பி, டிவி கோஎக்ஸ் கேபிள் போன்றவை பெரும்பாலும் கட்டடத்தோடு சேர்ந்தவை. பிறகு ஒரு நிறுவனம் தன் செலவில் கொண்டு வந்து போட்ட ஃபைபர் பொதுவாக அந்த நிறுவனத்துடையதுதான், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய. சரி, அவர்களுடையதாகவே இருக்கட்டும். அவர்களுடைய வயர் உங்கள் ரைசரில் உங்கள் அனுமதியோடு இருக்கிறது. அது அங்கே இருப்பதனால் மட்டும், இடம் இருக்கும்போது பக்கத்தில் இன்னொரு வயர் வரக் கூடாது என்று ஆகிவிடாது. அப்படித் தடுக்க வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் “வேறு யாருக்கும் அனுமதி கிடையாது” என்று ஒரு விதி எழுதியிருக்க வேண்டும். அதனால்தான் அந்தக் காகிதம் முக்கியம். அதைக் கண்ணால் பார்க்காமல் “முடியாது” என்று சொல்பவரிடம் வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

காகிதத்தை எப்படி வாங்குவது? வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள். வீட்டு எண்ணைக் குறிப்பிட்டு, கையெழுத்துப் போட்டு, ஜேஎம்பி (ஸ்ட்ராத்தா பட்டா வருவதற்கு முன் இருக்கும் கூட்டு நிர்வாக அமைப்பு) அல்லது எம்சி (பட்டா வந்த பின் அமையும் நிர்வாகக் கழகம்) செயலாளருக்குக் கடிதமாகக் கொடுங்கள், ஒரு நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்தம், அதன் இணைப்புகள், புதுப்பித்த கடிதம் ஏதாவது இருந்தால் அது, அதை ஏற்றுக்கொண்ட குழுக் கூட்டக் குறிப்பு, இத்தனையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். “தொலைஞ்சு போச்சு” என்றால், மேம்பாட்டாளர் நிர்வாகத்தை ஒப்படைத்தபோது வந்த ஆவணங்களைக் கேளுங்கள். இந்தச் சட்டத்தின் கீழ் நிர்வாகம் கைமாறிய கட்டடமாக இருந்தால், ஒப்பந்த நகல்களோடு, வயர், கேபிள், குழாய் எங்கெங்கே போகிறது என்று காட்டும் வரைபடங்களையும் மேம்பாட்டாளர் கொடுத்திருக்க வேண்டும். அதையும் விட்டால் ஒரு வழி இருக்கிறது: அந்த நிறுவனத்திடமே ஒரு நகல் இருக்கும். குழு ஒரு கடிதம் எழுதிக் கேட்டால் போதும். தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டே அந்த ஒரு கடிதத்தையும் எழுதாத குழு உண்மையில் தேடவில்லை.

அதற்கும் அசையவில்லையென்றால் கோலாலம்பூர் மாநகர் மன்றமான டிபிகேஎல்லில் உள்ள கட்டட ஆணையர் அலுவலகத்தில், நாம் சிஓபி என்று சொல்கிறோமே, அங்கே புகார் கொடுங்கள். அடுத்தது ஸ்ட்ராத்தா நிர்வாகத் தீர்ப்பாயம். பலர் இதைப் பண விவகாரத்துக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். தகவலையும் ஆவணத்தையும் கொடுக்கும்படி நிர்வாகத்துக்கு உத்தரவிடவும் அதற்கு அதிகாரம் உண்டு. கோரிக்கை வரம்பு 250,000 ரிங்கிட். பொதுவாக வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது, நீங்களேதான் பேச வேண்டும், அது உங்களுக்கு நல்லதுதான். விசாரணை தொடங்கி இயன்றவரை 60 நாளுக்குள் தீர்ப்பு. தீர்ப்பை மதிக்காமல் இருப்பது குற்றம், 250,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தீர்ப்பாயத்தில் உங்கள் எதிரி நிர்வாகம். கேபிள் நிறுவனத்தை அங்கே இழுக்க முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். நிறுவனத்தோடு ஒப்பந்தச் சண்டை என்றால் அது நீதிமன்றத்துக்குத்தான் போகும்.

சரி, காகிதம் கைக்கு வந்துவிட்டது. முதலில் காலத்தைப் பாருங்கள். எத்தனை ஆண்டு, எப்போது முடிகிறது, யாரும் எதுவும் சொல்லாவிட்டால் தானாகவே நீளுமா? மாட்டிக்கொண்டு நிற்கும் பல கட்டடங்கள் இந்தத் “தானாக நீளும்” வரியில்தான் மாட்டியிருக்கின்றன. முடிவதற்கு இத்தனை மாதம் முன்பு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கும், அந்தத் தேதி யாருக்கும் ஞாபகம் இருக்காது, புதுக் குழு வந்து கண் விழிப்பதற்குள் இன்னொரு ஐந்து வருடம் கூடியிருக்கும். அப்புறம், தனி உரிமை என்று எழுதியிருந்தால் எதற்குத் தனி உரிமை என்று பாருங்கள். கட்டடத்துக்குள் நுழைவதற்கா, அல்லது லாபியில் மேசை போட்டு விளம்பரம் செய்வதற்கு மட்டுமா? இரண்டாவதாக இருந்தால் இன்னொரு நிறுவனம் வயர் போடுவதை அது தடுக்காது, ஆனால் குழுவில் யாரோ அதை முதல் மாதிரி படித்துவிட்டு எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருப்பார். கடைசியாக, ஒப்பந்தம் முடிந்தால் வயர் என்னவாகும் என்ற வரி.

பழைய தலைவர் போட்டது எங்களைக் கட்டுப்படுத்தாது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அது தவறு. ஜேஎம்பி என்பது சட்டப்படி தனி ஆள் மாதிரி. தலைவர் மாறினாலும் அது போட்ட ஒப்பந்தம் நிற்கும். எம்சி அமைந்து, அதன் முதல் பொதுக்கூட்டம் நடந்து மூன்று மாதத்தில் ஜேஎம்பி கலைந்தாலும், உரிமையும் கடமையும் எம்சிக்குப் போய்ச் சேரும். குழுவின் முடிவே இல்லாமல் ஒருவர் தனியாகக் கையெழுத்துப் போட்டார் என்றால் அது வேறு கதை. அதற்குக் கூட்டக் குறிப்பு வேண்டும், அப்போது ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

குழு அசையாவிட்டால் உரிமையாளர்கள் சேர்ந்து சிறப்புப் பொதுக்கூட்டம் கேட்கலாம். மொத்தப் பங்கு அலகுகளில் (ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கிய பங்கின் அளவு) கால் பங்கு வைத்திருப்பவர்கள் கையெழுத்துப் போட்டால், ஆறு வாரத்துக்குள் குழு கூட்டியாக வேண்டும். பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருப்பவர் ஓட்டுப் போட முடியாது, எனவே கையெழுத்து வாங்கும்போதே “பாக்கி இருக்கா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாறாதீர்கள்: கூட்டத்தில் கை தூக்கி வெளியாளோடு போட்ட ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட முடியாது. புதுப்பிக்காதே என்று சொல்லலாம், விதிப்படி முடிவு அறிவிப்புக் கொடு என்று சொல்லலாம். ஒப்பந்தத்தை இடையில் உடைத்தால் அதற்கான இழப்பீடு எல்லோர் பையிலிருந்தும்தான் போகும்.

என் கருத்தைக் கேட்டால், எந்தக் குழுவுக்கும் தனி உரிமை கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடத் தார்மீக உரிமை இல்லை. இலவச வைஃபை லாபியில், காவலர் அறைக்கு ஒரு லைன், ஆண்டு விருந்துக்குக் கொஞ்சம் பணம், இதற்காக நூற்றுக்கணக்கான குடும்பங்களின் தேர்வை விற்றுவிடுகிறார்கள். பிள்ளைகள் வீட்டிலிருந்து படித்த கொரோனா காலத்தில் ஒரே நிறுவனத்தை நம்பியிருந்த கட்டடங்களில் பட்ட பாட்டை நேரில் பார்த்தவன் என்பதால் இதைக் கோபமாகவே சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் அபார்ட்மெண்டில் ஒரு ஃபைபர் நிறுவனம் நிர்வாகத்துக்கு மாதாமாதம் பணம் தருகிறதாம். கணக்கில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. குழு உறுப்பினர் ஒருவரின் மருமகன் அந்த நிறுவனத்தின் குத்தகையாளரிடம் வேலை செய்கிறார் என்றும் பேச்சு. கேட்டால் சண்டைக்காரி என்ற பெயர் வரும். கேட்கலாமா?
– ஒரு வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: தாராளமாகக் கேளுங்கள் அம்மா. பொது இடத்தை வைத்து வரும் பணம் பொதுப் பணம், அது பராமரிப்புக் கணக்குக்குள் வர வேண்டும், தணிக்கை செய்த கணக்கில் ஒரு வரியாகத் தெரிய வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கு வைக்கும்போது எழுந்து நின்று, “தொலைத்தொடர்பு நிறுவனங்களிடமிருந்து வந்த வருமானம் எந்த வரியில் இருக்கிறது?” என்று மட்டும் கேளுங்கள். யார் பெயரையும் சொல்ல வேண்டாம். பேச்சை நம்பி ஒருவர் மேல் பழி போடுவது அவருக்கும் அநியாயம், உங்களுக்கும் ஆபத்து.

மருமகன் விஷயத்தில், குழு உறுப்பினருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ ஒரு ஒப்பந்தத்தில் ஆதாயம் இருந்தால் அதைக் குழுவில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வேலை செய்வது மட்டும் ஆதாயம் ஆகிவிடாது. அவர் அறிவித்தாரா என்பது கூட்டக் குறிப்பில் இருக்கும், குறிப்பைக் கேளுங்கள். இன்னொன்றும் பாருங்கள். எம்டிஎஃப் அறையில் அந்த நிறுவனத்தின் பெட்டிகள் இரவும் பகலும் பொது மின்சாரத்தில் ஓடுகின்றன. தனி மீட்டர் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த பில்லையும் நீங்கள்தான் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடியில் மொட்டை மாடியில் ஒரு பொது டிஷ்ஷும் ஆன்டெனாவும் இருக்கின்றன. படம் உடைந்து உடைந்து வருகிறது. மாற்றுவதற்கு வீட்டுக்கு 150 ரிங்கிட் கொடுங்கள் என்கிறார்கள். நான் டிவியே பார்ப்பதில்லை, எல்லாம் கைப்பேசியில்தான். நான் ஏன் கொடுக்க வேண்டும்? பக்கத்து வீட்டுக்காரர் வெளிச் சுவரில் சொந்த டிஷ் மாட்டி அபராதமும் வாங்கியிருக்கிறார்.
– ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: பார்ப்பதில்லை என்பது காரணமாகாது ஐயா. கீழ்த்தளத்தில் இருப்பவரும் மின்தூக்கிக்குப் பணம் கட்டுகிறார் அல்லவா? ஆனால் வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்ததுதான் தப்பு. பொதுச் சொத்துக்கான செலவு முதலில் பராமரிப்புக் கணக்கிலிருந்து போக வேண்டும், முழுக்க மாற்றும் பெரிய வேலை என்றால் அதற்கென்று சேர்த்துவைக்கும் சிங்கிங் ஃபண்ட் இருக்கிறது. நீங்கள் மாதம் கட்டும் கட்டணத்தின் மேல் பத்து விழுக்காடு எடுப்பது இதற்குத்தான். அதுவும் போதாமல் தனியாக வசூலிப்பதென்றால் பொதுக்கூட்டத்தில் வைத்து, பங்கு அலகுப்படி பிரிக்க வேண்டும். மூன்று அறை வீடும் ஒரு அறை வீடும் ஒரே தொகை கட்டுவதில் நியாயம் இல்லை.

அதற்கு முன்னால், மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31-ஆம் தேதியோடு நாடு முழுவதும் நின்றது, அதன் பிறகு டிஜிட்டல் ஒளிபரப்புதான். பழைய கட்டடங்களில் ஆன்டெனா நன்றாகவே இருக்கும், நடுவில் உள்ள, சிக்னலைக் கூட்டும் பூஸ்டரோ பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டரோ இற்றுப்போன கோஎக்ஸ் இணைப்போ கெட்டிருக்கும். ஒரு நல்ல டெக்னீஷியன் மீட்டரை வைத்து மாடிக்கு மாடி சிக்னல் அளந்து பார்த்தால் எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும். அளந்து எழுதிக் கொடுத்த அறிக்கை இல்லாமல் “எல்லாம் மாத்தணும்” என்பவரின் விலைப்புள்ளியை ஏற்காதீர்கள், வேறு இரண்டு பேரிடமும் கேளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் வெளிச் சுவரில் மாட்ட நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதி வாங்கியிருக்க வேண்டும், அது நியாயமான விதி, மேலிருந்து விழுந்தால் ஆள் பிழைக்க மாட்டார். ஆனால் அபராதம் 200 ரிங்கிட்டைத் தாண்டக் கூடாது. தாண்டியிருந்தால் கேட்கலாம். பினாங்கில் ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டம் 2015 ஜூன் 12 முதல் நடப்பில் இருக்கிறது. தீவில் என்றால் எம்பிபிபி, செபராங் பிறையில் என்றால் எம்பிஎஸ்பி, அந்த மாநகர் மன்றத்திலுள்ள கட்டட ஆணையரிடம் போங்கள்.

கேள்வி: எங்கள் தாமானில் தரை வீடுகள்தான். குடியிருப்பாளர் சங்கம் வேலி போட்டுக் காவலர் வைத்திருக்கிறது. புது ஃபைபர் நிறுவனம் கம்பம் நட வந்தால், சங்கத்துக்குப் பணம் கட்டினால்தான் விடுவோம் என்கிறார் தலைவர். சங்கத்துக்கு அந்த அதிகாரம் உண்டா?
– செத்தாப்பாக்

பதில்: கிடையாது. உங்களுடையது ஸ்ட்ராத்தா பட்டா இல்லாத சாதாரண தாமான் என்றால், சாலையும் சாலையோரமும் கால்வாயும் அரசாங்கத்துடையவை, பார்த்துக்கொள்வது டிபிகேஎல். சங்கம் 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின் கீழ் பதிவான ஓர் அமைப்பு. அதில் சேர்வதே விருப்பம்தான். நடுவதற்கான அனுமதியை நிறுவனம் மாநகர் மன்றத்திடம் வாங்க வேண்டும், சங்கத் தலைவரிடம் இல்லை. வேலையாட்களின் பெயரை எழுதிக்கொள்வது, வேலை நேரத்தைக் கேட்பது, தோண்டிய இடத்தைச் சரியாக மூடச் சொல்வது, இதெல்லாம் சங்கம் செய்யலாம், செய்யவும் வேண்டும். தரை வீடாக இருந்தும் ஸ்ட்ராத்தா பட்டா கொண்ட தாமான்கள் இருக்கின்றன. அங்கே உள் சாலையே பொதுச் சொத்து, எம்சிக்கு அதிகாரம் உண்டு. ஆகவே முதலில் பட்டாவை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் டெக்சஸில் இருக்கும் என் மகள், அங்கே கொண்டோவில் ஒரே கேபிள் நிறுவனத்துக்கு மட்டும் அனுமதி கொடுக்கச் சட்டமே விடாது என்கிறாள். நமக்கும் அது பொருந்துமா?
– பங்சார்

பதில்: மகள் சொல்வது சரி, ஆனால் அது அந்த நாட்டு விதி, இங்கே ஒட்டாது. அங்கே எஃப்சிசி என்ற தொலைத்தொடர்பு ஆணையம் 2007-இல் கேபிள் டிவி நிறுவனங்கள் அடுக்குமாடிகளில் தனி நுழைவு உரிமை வைத்திருப்பதைத் தடை செய்தது, 2008-இல் தொலைபேசி நிறுவனங்களுக்கும் அதை நீட்டியது. பிறகு நிறுவனங்கள் வேறு வழி கண்டுபிடித்தன. தாங்கள் போட்ட வயரைக் கட்டடத்துக்கே விற்று, திரும்ப அதைத் தங்களுக்கு மட்டும் குத்தகைக்கு எடுத்துக்கொண்டன, வருமானத்தில் பங்கு தருவதாகச் சொல்லி மற்றவர்களை வெளியே நிறுத்தின. 2022 பிப்ரவரியில் அதையும் அடைத்தார்கள். தனி விளம்பர ஒப்பந்தம் மட்டும் போடலாம், ஆனால் அதைக் குடியிருப்பவர்களுக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

நமக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. வீட்டுக்குள் வயர் நுழையும் இடத்திலிருந்து வெளியே சுமார் 12 அங்குலத்தில் எல்லை போட்டு, அதற்கு உள்ளே வீட்டுப் பக்கம், வெளியே நிறுவனத்தின் பக்கம் என்று பிரித்துவைத்திருக்கிறார்கள். நிறுவனத்துக்குக் கட்டடத்தில் இருக்கும் உரிமை முடிந்துவிட்டால், உரிமையாளர் 90 நாள் அறிவிப்புக் கொடுக்கலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக ஓடும் வயரை எடுத்துக்கொண்டு போவதா, கட்டடத்துக்கு விற்பதா, அப்படியே விட்டுவிடுவதா என்று 30 நாளுக்குள் நிறுவனம் சொல்லியாக வேண்டும். எல்லை எங்கே, முடிந்தால் வயர் யாருக்கு, இந்த இரண்டையும் உங்கள் கொண்டோ அடுத்த ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் ஒப்பந்தத்தில் எழுத யாரும் தடுக்கவில்லை. எழுதாமல் விட்டால் என்ன ஆகிறது என்றால், பத்து வருடத்தில் ரைசர் முழுக்கச் செத்த கேபிள் அடைத்துக்கொண்டு, புது நிறுவனம் வந்தால் நுழைக்க இடமில்லை என்று நிற்கும்.

நம் நாட்டில் வேறு வழியில் கொஞ்சம் திறந்திருக்கிறது. நம் தொலைத்தொடர்பு ஆணையமான எம்சிஎம்சி, அதிவேக அகண்ட அலைவரிசைக் கட்டமைப்பை மற்ற நிறுவனங்களுக்கும் வாடகைக்கு விடும்படி விதி வைத்திருக்கிறது. டிஎம் (டெலிகாம் மலேசியா) போட்ட ஃபைபரில் மேக்சிஸ் நிறுவனத்தின் சேவை வருவது அப்படித்தான். அந்த மொத்த விலைக்கு 2018-இல் உச்சவரம்பு வந்த பிறகுதான் வீட்டு இணையக் கட்டணமும் இறங்கியது. ஆகவே உங்கள் ரைசரில் ஒரே ஃபைபர்தான் என்றாலும், அது யாருடையது என்று பார்த்து, அதன் மேல் வேறு எந்த நிறுவனம் சேவை தருகிறது என்று கேளுங்கள். சில நேரம் சண்டையே தேவைப்படாது.

கேள்வி: நான் வாடகைக்கு இருப்பவன். முன்பு இருந்தவரின் ஃபைபர் பெட்டி சுவரில் இருக்கிறது. புது லைன் கேட்டால் “இந்த முகவரியில் ஏற்கெனவே சேவை இருக்கிறது” என்கிறார்கள். குழுவிடம் போனால் வாடகைக்காரரோடு பேச மாட்டோம் என்கிறார்கள்.
– பாயான் லெப்பாஸ்

பதில்: முன்பு இருந்தவர் கணக்கை மூடாமல் போயிருக்கிறார். அவர் மூடினால்தான் அந்த இணைப்பு விடுபடும். அவரைப் பிடிக்க முடியாவிட்டால் உங்கள் வாடகை ஒப்பந்தத்தை இணைத்து நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள், நடக்காவிட்டால் எம்சிஎம்சியின் புகார்த் தளத்தில் போடுங்கள். அதே ஃபைபரில் ஓடும் வேறு நிறுவனத்துக்கு மாறினால் சுவரில் உள்ள ஃபைபரையே பயன்படுத்தலாம், மோடமும் ரூட்டரும்தான் மாறும். முற்றிலும் வேறு கட்டமைப்பு என்றால் காரிடாரிலிருந்து புதிதாக இழுக்க வேண்டும், அதற்குக் குழுவின் அனுமதி தேவை. அந்தக் கடிதத்தை உங்கள் வீட்டுக்காரர் எழுதட்டும், அவர்தான் உறுப்பினர், அவர் எழுதினால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. வேலை நடக்கும்போது மாடித் தளத்தில் ஓட்டை போட்டால், தீ பரவாமல் இருக்க அதைத் தீத்தடுப்புப் பூச்சால் அடைத்துவிட்டுப் போகிறார்களா என்று நீங்களே நின்று பாருங்கள், ஒரு படமும் எடுத்து நிர்வாக அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.